ஹாலந்துக்குப் போகும் சட்டை

சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார் திருவேங்கடம்.

“ஓய் சிங்கராயர், தேங்காயெண்ணெய் வாசனை வர்றது. ஹாலந்துக்காரன் சட்டையைப் போட்டுக்கப் போறானா, தாளிச்சுச் சாப்பிடப் போறானா?”

தாராவியில் பன்னிரண்டு மிஷின் போட்டுத் தையல் கடை நடத்துகிற சிங்கராயர், தலையில் வழிந்த எண்ணெயைத் துண்டால் அவசரமாகத் துடைத்துக்கொண்டார்.

சர்க்கார் ரூபாய் மதிப்பைக் குறைத்ததும், “வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கலாம்” என்று ஆசை காட்டியவர் திருவேங்கடம்தான். மாட்டுங்காக்காரர். கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். ஆபீஸ் விட்டால் நேரே இங்கே வந்துவிடுவார். ஹாலந்துக்கு லெட்டர் போட்டது, ஃபாரம் ஃபாரமாக நிரப்பியது எல்லாம் அவரேதான். பைசா வாங்கியதில்லை. அதற்கும் சேர்த்துத் திட்டிவிடுவார்.

“நம்மூர் வழக்கம் ஒண்ணும் சட்டையில் ஒட்டப்படாது. வெத்தலைக் கறை, சந்தனம், பொட்டு, பூ, மூச்! எக்ஸ்போர்ட்னா சயன்ஸ் ஓய், சயன்ஸ்!”

ஐந்நூறு சட்டை. இது நல்லபடியாகப் போனால் அடுத்த ஆர்டர் வரும். போகாவிட்டால் பாதி மிஷினை விற்க வேண்டியதுதான்.

மறுநாள் காலை, ஹாலந்துக் கம்பெனியின் பம்பாய் ஏஜெண்டு சூட்டும் டையுமாகச் சரக்கைப் பார்க்க வந்தார். முதல் பெட்டியைத் திறந்தார். மேலே இருந்த சட்டையை எடுத்துக் காலரைப் புரட்டினார்.

காலருக்கு அடியில் மஞ்சளாக ஒரு பொட்டு!

“யே க்யா ஹை?”

எல்லோர் கண்ணும் இஸ்திரி போடும் பையன் பூலோகத்தின் மேல் போய் விழுந்தது. மஞ்சள் தடவாமல் புதுத் துணி உடுத்தாத ஆள் அவன்.

“சத்தியமா நான் இல்ல மொதலாளி!” என்றான், அழாத குறையாக.

சிங்கராயர் முன்னால் வந்தார். “நான்தான் வச்சேன் சாப். மொதச் சரக்கு, நல்லபடியாப் போகணும்னு…” என்று தமக்குத் தெரிந்த ஹிந்தியில் இழுத்தார்.

பிடித்துக்கொண்டார் பாருங்கள் திருவேங்கடம்!

“அறிவிருக்காங்காணும் உமக்கு? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! காலர்ல மஞ்சளா? நாளைக்குக் கப்பலுக்கு ஆரத்தி எடுப்பீரோ?”

கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிங்கராயர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

ஏஜெண்டு பையை எடுத்துக்கொண்டார். ஒன்றில் இருந்தால் ஐந்நூறிலும் இருக்கும், சரக்கு வேண்டாம் என்றார்.

திருவேங்கடம் ஓடிப்போய் வாசலை மறித்தார். “நோ சார், நோ! ஒன்லி ஒன் ஷர்ட்! மத்த எதிலயும் இருக்காது. எல்லாப் பெட்டியையும் திறந்து பாருங்கோ. இன்னொண்ணு இருந்தா என்னைச் செருப்பால அடியுங்கோ!”

திறந்தார்கள். காலர் காலராகப் புரட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஒன்றிலும் மஞ்சள் இல்லை. அந்தச் சட்டைக்குப் பதில் வேறு சட்டை வைத்து, ஏஜெண்டு சீல் போட்டார். லாரி கிளம்பியது. எல்லோருக்கும் உயிர் வந்தது.

திருவேங்கடம் மட்டும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “அரை நாள் லீவ் போச்சு” என்று முனகிக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் நடையைக் கட்டினார்.

காஜா எடுத்துக்கொண்டிருந்த சிங்கராயரின் மகள் செல்வமேரிக்குப் பொறுக்கவில்லை.

“நம்ம வீட்டுல துணிக்கு மஞ்ச வைக்கிற வழக்கமே கெடையாதே, நீங்க எதுக்குப்பா ஒத்துக்கிட்டிய? இத்தன பேர் முன்னால அந்த மனுசன் ஏசுதாரு, நீங்களும் வாங்கிக்கட்டிக்கிட்டு நிக்கியளே! ஆமா… மத்த சட்டையில இருக்காதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

சிங்கராயருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நேத்து லாரிக்குச் சொல்லிட்டுத் திரும்பி வாரேன். மனுசன் செருப்பக் கழத்திப்போட்டு, கண்ண மூடிக்கிட்டு, பெட்டியில மேல இருந்த சட்டையில மஞ்சப் பொட்டு வச்சுக் கும்பிட்டுக்கிட்டு நிக்காரு. ‘பெருமாளே, சிங்கராயரோட ஒரு மிஷின்கூட விலைக்குப் போகப்படாது’ன்னு வேண்டுதாரு. எனக்காக வச்ச மஞ்சளுக்கு நான் ஏச்சு வாங்காம வேற யாரு வாங்குவா, புள்ள?”