சிமிக்கிக்காரி

"இவளின்ரை முகம் எனக்குத் துலக்கமாத் தெரிய வேணும், தம்பி. என்ரை சீவியத்தைக் கெடுத்தவள் இவள்தான்."

மானிப்பாயில் பழைய படங்களைத் திருத்திக் கொடுக்கும் மயூரதன், மேசையில் விழுந்த படத்தை எடுத்துப் பார்த்தான். தீப்பெட்டியிலும் கொஞ்சம் பெரிய கறுப்பு வெள்ளைப் படம். அந்தக் காலத்துச் சினிமா நடிகை மாதிரி ஒருத்தி. புடைத்த கைச் சட்டை, நெற்றியில் ஒரு சுருள், வால் விட்ட கண்மை, தோளைத் தொடும் சிமிக்கி. பின்னால் திரைச்சீலையில் வரைந்த நிலா.

"நல்ல வடிவான ஆள்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"ஓம், அதுதானே வினை," என்றாள் எதிரே இருந்த கிழவி அருமைநாயகி.

பத்து நிமிடத்துக்கு முன்தான் அவளை மகள் றஜனி குருநகரிலிருந்து ஆசுப்பத்திரிக்குக் கூட்டி வந்து, இந்தக் கடையில் இருத்தியிருந்தாள். ஆத்துமாக்கள் தினத்துக்குச் சேமக்காலைக் கல்லறையில் வைக்க, தகப்பன் கனிசியஸின் படத்தைப் பெரிதாக்க வேண்டுமாம்.

"மினுக்கிப் போடாதேங்கோ அண்ணை. சின்னனிலை தூண்டில் முள்ளுக் கொழுவி, அப்பாவுக்கு இடது காதுச் சோணை ரெண்டாப் பிளந்தது. அது இல்லாட்டி அவரை மாதிரி இராது." தாயின் பக்கம் திரும்பினாள். "இந்த முறையாவது வந்து ஒரு மெழுகுதிரி கொளுத்தணை, அம்மா."

"கொப்பருக்கு நீ கொளுத்து. என்னைக் கூப்பிடாதை."

றஜனி மருந்து எடுக்கப் போனதும்தான், கிழவி செபப் புத்தகத்துக்குள்ளிருந்து இந்தச் சின்னப் படத்தை உருவினாள்.

"கலியாணம் முடிச்சு ஏழாம் வருசம், அவரின்ரை றங்குப்பெட்டிக்கு அடியிலை கண்டனான். மனுசன் மன்னாரிலையிருந்து வந்தவர், அங்கத்தையப் பழைய கதை எனக்கென்ன தெரியும்? பின்பக்கம் பார்."

பென்சிலில் எழுதியிருந்தது: திருநாள் நாடகம், 1963.

"நாடகக்காரி," என்றாள்.

"அவரைக் கேக்கேல்லையே?"

"கேட்டாப் பொய்தானே சொல்லுவார்? படத்தை ஒளிச்சுப்போட்டுக் கதையை நிப்பாட்டினன். முப்பத்தொரு வருசம். சாகிற அண்டைக்கும், நான் என்ன பிழை விட்டனான் எண்டு கேட்டவர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தன்."

மயூரதன் படத்தின் தூசியைத் துணியால் ஒற்றி எடுத்தான்.

"மனுசன் போய்ச் சேர்ந்திட்டார். இவள் போகேல்லை, தம்பி. அடுப்படியிலை நிண்டா முதுகுக்குப் பின்னாலை சிமிக்கி ஆடுற சத்தம் கேக்கும். திரும்பினா ஒருத்தரும் இல்லை. நாளைக்கு நான் மேலை போகேக்கை, அவருக்குப் பக்கத்திலை இவள் நிண்டா எனக்கு ஆளைத் தெரிய வேணுமெல்லே? மகள் வர முன்னம் செய்."

மயூரதன் படத்தை ஸ்கேனரில் வைத்தான். திரையில் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. தொழிலைப் பற்றிக் கதைக்கக் கிடைத்தால் அவனுக்குப் பசியும் தெரியாது.

"உதடு கரி மாதிரி இருக்குப் பாத்தீங்களே? அது சிவப்புச் சாயம். கறுப்பு வெள்ளையிலை சிவப்பு அப்பிடித்தான் இருண்டு விழும். தோல் இப்பிடி வழுவழுப்பா இருக்கிறது ஸ்ரூடியோக்காரன்ரை வேலை. நெகற்றிவ்விலை கூர்ப் பென்சிலாலை புள்ளி புள்ளியா வைச்சு நிரப்புவாங்கள். இவவுக்கு மேலுதட்டிலையும் நாடியிலையும்தான் கனக்கப் பென்சில் ஓடியிருக்கு."

"பருவாக்கும்." முதல் தடவையாகக் கிழவி சிரித்தாள். "அப்ப இவளின்ரை வடிவும் பென்சில் வடிவுதான்."

"நகையும் இரவல்தான் போலை. சிமிக்கி காதிலை குத்தேல்லை. கறுத்த நூலிலை கட்டிக் காதுக்கு மேலாலை கொழுவியிருக்கு. இருங்கோ, நூலை அழிச்சுவிடுறன்."

இடது பக்கத்தைப் பெரிதாக்கினான். நூலைப் பிடித்துக்கொண்டே கீழே இறங்கிய அவன் கை, சிமிக்கிக்கு மேலே நின்றுவிட்டது. இன்னும் ஒரு மடங்கு பெரிதாக்கினான்.

திரையை மெதுவாக முழுதும் அவள் பக்கம் திருப்பினான்.

அருமைநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். அவளுடைய விரல் கண்மையைத் தொட்டது, கன்னத்தைத் தொட்டது, நூலின் வழியே இறங்கியது. காதுச் சோணைக்கு வந்து நின்றது.

மருந்துப் பையுடன் உள்ளே வந்த றஜனி திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆரம்மா உந்த வடிவான பொம்பிளை? பழைய நடிகையே?"

அருமைநாயகி திரையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"உன்ரை கொப்பர், பிள்ளை."