நோரீன் மூட விடாத குளம்

"போர்வைய அங்கேயே வைடா" என்றாள் நோரீன்.

மகன் ரஸ்ஸல் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. வீட்டுக் கொல்லையிலிருந்த நீச்சல் குளத்தில் மிதந்த யூகலிப்டஸ் இலைகளை வலையால் அள்ளி முடித்துவிட்டு, நீலப் பிளாஸ்டிக் போர்வையை இழுக்கத் தொடங்கியிருந்தான். பாசிமருந்து கேன் இன்னும் மூடி திறக்காமல் ஓரத்தில் நின்றது.

ஏப்ரல் கடைசி, போர்வீரர்களை நினைக்கும் அன்ஸாக் தினம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை; இங்கே குளிர்காலம் தொடங்கப் போகிற நேரம். அந்தத் தெரு முழுக்க இன்றைக்குத்தான் குளம் மூடுகிறார்கள்.

பனி கொட்டி உறைகிற ஊரா என்ன, ஆஸ்திரேலியாவின் பெர்த்? இங்கே தண்ணீரை வடிக்கிற வேலையெல்லாம் கிடையாது. இலையை அள்ளு, மருந்தை ஊற்று, மோட்டார் ஓடும் நேரத்தைக் குறை, போர்வையை இழுத்து மூடு. நவம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதே. அவ்வளவுதான்.

இத்தனை வருடமும் அதைச் செய்தவன் அவள் கணவன் கீத். போன கோடையில் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அப்பாவின் தொப்பியையும் அப்பாவின் அதிகாரத்தையும் சேர்த்து மாட்டிக்கொண்டு மகன் வந்து நிற்கிறான்.

நோரீன் போய்ப் போர்வையின் மறுமுனையில் ஏறி நின்றாள். செருப்புக் காலோடு.

"தள்ளும்மா. குளிர்காலத்துல யாரு இதுல எறங்கப் போறா?"

"நான்."

"நீயா?"

சிரித்தான். அப்பன் சிரிப்பு, அச்சு அசல். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆமாண்டா, நானேதான். என் வீடு, என் குளம். மூடித்தான் ஆகணும்னா என்னையும் உள்ள வச்சு மூடு!"

கரண்ட் வீண், மருந்து வீண், இந்த வயதில் சளி பிடித்தால் யார் பார்ப்பது என்று அவன் முணுமுணுத்தான். அவள் போர்வையை விட்டு இறங்கவில்லை. கடைசியில், என்னமோ பண்ணு என்று கையை உதறிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

போகட்டும்.

இரண்டு பக்கத்து வேலிக்கு அப்பாலும் ஆள் சத்தம் இல்லை. குளத்தை மூடிவிட்டால் அப்புறம் கொல்லைப் பக்கம் யாருக்கு என்ன வேலை? இப்படி ஒருவரும் எட்டிப் பார்க்காத நாளுக்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

உள்ளே போய், ஒருவருக்கும் சொல்லாமல் வாங்கி வைத்திருந்த, குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடுப்பை மூச்சுமுட்ட இழுத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

குளத்தின் முதல் படியில் கால் வைத்ததும் குளிரில் உயிரே போய்விட்டது. அட கடவுளே! திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ரஸ்ஸலின் "நீயா" ஞாபகம் வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படி. அதற்கும் அடுத்தது. தண்ணீர் இடுப்பைப் பிடித்தது.

கீத் இதில் மீனாக நீந்தினான். பிள்ளைகள் நீந்தினார்கள். பேரப்பிள்ளைகளும் நீந்துகிறார்கள். கோடைக்குக் கோடை அவள் கரையில் நின்று துண்டு நீட்டினாள். ஒரு கிறிஸ்துமஸ் அன்று ஆசைப்பட்டு இறங்கப் பார்த்தபோது, "கல்லு எங்கியாச்சும் மெதக்குமா நோரீன்?" என்று கீத் கேட்டான். விருந்துக்கு வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பிறகு அவள் கணுக்காலைக்கூட நனைத்ததில்லை.

நோரீனுக்கு நீச்சல் தெரியாது. பார்த்துச் சிரிக்க ஆளில்லாத இந்தக் குளிர்காலத்துக்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டும்.

மூச்சை இழுத்துப் பிடித்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள்.

பிறகு கைப்பிடிக் கம்பியை விட்டாள்.