பதினோரு களஞ்சியங்களும் ஒரு காய்ச்சலும்

மனைவி மரகதவல்லியின் தொண்டையில் தடவி எடுத்த பஞ்சுக்குச்சியை ஞானசேகரன் நேராக இட்லி மாவுக்குள் தவறவிட்டார். மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடப்பவளிடம் மாவைக் கெடுத்துவிட்டேன் என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் வரவில்லை. குச்சியை வேட்டியில் துடைத்து, வீட்டிலிருந்த நோயறியும் கருவியில் செருகிவிட்டார்.

கருவி உலகத்தின் பதினோரு மரபணுக் களஞ்சியங்களையும் ஒரே நேரத்தில் விசாரித்தது. "நோயாளி தொண்ணூறு சதவீதம் உளுந்து," என்றது ஒன்று. "அரிசியாகவும் இருக்கலாம்," என்றது இன்னொன்று. மூன்றாவது, நோயாளிக்குப் போதுமான வெயில் கிடைக்கிறதா என்று அக்கறையோடு கேட்டது.

"என்னங்க..." என்று அறையிலிருந்து குரல் வந்தது.

"நீ பேசாம படு. அவங்க பேசிக்கிட்டிருக்காங்க."

வேறு வழியில்லாமல் புதுக் குச்சியோடு போய், அவள் வாயைத் திறந்ததும் தடவி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இந்த முறை நான்கு களஞ்சியங்கள் சாதாரணக் கிருமி என்றன. மூன்று, இதுவரை பார்க்காத ரகம் என்றன. மீதி நான்கும் தங்களிடம் பதிவே இல்லை என்று கைவிரித்தன. உயிருக்கு ஆபத்தா என்று கேட்டார். களஞ்சியங்கள் ஆளுக்கொரு சதவீதம் சொல்லின. பயத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார். நூற்று நாற்பது வந்தது.

கருவியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"மரகதம், உனக்கு எப்படி இருக்கு?"

"காய்ச்சல் விடியக்காலையே விட்டுடுச்சு. நான் வாயைத் திறக்கிறப்பல்லாம் நீங்க குச்சியை வெச்சா எப்படிச் சொல்றது? இப்போ பசிக்குதுங்க."