சிப்பிக் கண்ணாடி

ஈஸ்வர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. திருச்செங்கோட்டு வீட்டில் தனியாக இருந்த அவன் மனைவி வித்யா, கப்பல் ஜன்னல் போல வட்டமான, சுற்றிலும் சிப்பி பதித்த கண்ணாடி ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஹாலில் மாட்டினாள். முகம் கழுவும்போதெல்லாம் நெற்றிப் பொட்டை எடுத்து அதில் ஒட்டி வைப்பாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பொட்டைக்கூட எடுக்க முடியவில்லை. நகம் வழுக்கியது. பொட்டுகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தன. சிப்பிகளும் அந்தப் பக்கம்தான். திரும்பிப் பார்த்தாள். வாசற்கதவு இருந்த இடத்தில் வெறும் சுவர். தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வர் வந்தபோது தண்ணீர் அவள் கழுத்துக்கு ஏறியிருந்தது. அவனோடு பக்கத்து வீட்டு மாரக்காளும் ஹாலுக்குள் வந்தாள்.

"ஏனுங்கக்கா, வித்யா எங்க போறேன்னு சொன்னாளுங்களா?"

"இல்ல சாமி. ஊடு உள்ளார தாழ் போட்டிருந்துச்சு. நீ ஒடச்சுத்தான தொறந்த?"

வித்யா இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தட்டினாள். ஈஸ்வர் அருகே வந்தான். அதில் அவனுக்குத் தன் முகம்தான் தெரிந்தது. காதை வைத்துக் கேட்டான். போர்வெல் குழியில் காது வைத்தே தண்ணீர் ஊறுவதைச் சொல்லிவிடுபவன் அவன்.

"செவுத்துக்குள்ள தண்ணிச் சத்தம் கேக்குதுங்க. பைப் ஒழுகுதாட்ட இருக்குது."

மாடிக்குப் போய் டேங்க் வால்வை அடைத்துவிட்டு வந்தான். அதற்குள் தண்ணீர் வித்யாவின் தலைக்கு மேல் போயிருந்தது. மறுபடியும் காதை வைத்தான். வெகுநேரம் கேட்டான்.

"இப்பச் சத்தமே இல்லீங்க" என்றான்.