ஒரே பாத்திரம்

"நாளைக்கு அந்தக் குப்புராஜ் பாத்திரத்துல வாய் வெச்சா, இந்த லெட்டர் திங்கக்கிழமை பிஷப் கைக்குப் போயிடும் ஐயா. அப்புறம் உங்களை எந்த மூலைக்கு மாத்துவாங்களோ, எனக்குத் தெரியாது."

தனசிங் நான்காக மடித்த காகிதத்தை மேசைமேல் வைத்தார். கிழக்குத் தாம்பரத்தில் இருந்த அந்தச் சின்னச் சபைக்கு அவர்தான் செயலாளர். 1968 மார்ச் மாதத் தேதி போட்ட அந்தக் காகிதத்தில் முப்பத்திரண்டு குடும்பத்தார் கையெழுத்திட்டிருந்தார்கள்.

போதகர் வேதசிரோமணி அதைத் தொடவில்லை.

"உக்காருங்க தனசிங். காபி வருது."

"காபி குடிக்க வரலை நான்." சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

"குப்புராஜ் என்ன தப்பு பண்ணினாரு?"

"தப்புன்னு யார் சொன்னா? ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுல காவல் காக்கறான், காக்கட்டும். ஒரு வருஷமா கோயில் வாசப்படியில உக்காந்து பிரசங்கம் கேட்டான். நாங்க வாயைத் திறந்தோமா? போன வாரம் ஞானஸ்நானம் கொடுத்தீங்க. சரி, ஆண்டவர் பார்த்துப்பாருன்னு விட்டோம். ஆனா திருவிருந்துக்கு எங்களோட வந்து முட்டி போட்டு, அதே பாத்திரத்துல திராட்சரசம் குடிக்கிறதா? அவன் கைவிரலைப் பார்த்திருக்கீங்களா? பத்தும் மடங்கிப்போய்..."

"குஷ்டம் குணமாயிடுச்சு, யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காரு. நானே படிச்சுப் பார்த்தேன்."

"டாக்டர் பொண்ணா ஐயா அந்தப் பாத்திரத்துல குடிக்கப்போறா?" தனசிங்கின் குரல் சட்டென்று உடைந்தது. "நாளைக்குத்தான் எங்க ஹில்டாவுக்கு முதல் திருவிருந்து. பதினாறு வயசுப் பொண்ணு. பின்னாடி அவ உடம்புல ஒரு தேமல் விழுந்தா, நீங்களா பதில் சொல்லுவீங்க?"

போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் போதகரின் மனைவி புஷ்பம் அம்மாள் இரண்டு டம்ளர் காபியோடு வந்தாள். "பார்த்து அண்ணே, இப்பதான் இறக்கினது."

டம்ளரைத் தொட்ட வேகத்தில் தனசிங் "ஸ்ஸ்" என்று கையை உதறினார். போதகரோ பேச்சு நினைவில் தம்முடைய டம்ளரை உள்ளங்கையோடு சேர்த்துப் பிடித்து, ஊதி ஊதிப் பாதி குடித்துவிட்டார்.

"எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு!" புஷ்பம் டம்ளரை வெடுக்கென்று பிடுங்கி மேசைமேல் வைத்தாள். அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வேறு நாளாயிருந்தால் தனசிங் சிரித்திருப்பார். வீட்டுக்குள்ளும் கேன்வாஸ் ஷூவோடு இருக்கிறவர், அதற்கு லேஸ் கட்டக்கூடப் பெண்டாட்டி வேண்டும் என்று போதகரைச் சபையே கேலி பேசும்.

தனசிங் காபியை ஆற்றி, அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். யார் வீட்டு டம்ளரிலும் அவர் உதடு பட்டதில்லை. அவர் வாய் வைத்துக் குடிக்கிற பொதுப் பாத்திரம் கோயிலில் இருக்கிற ஒன்றுதான்.

"சரி, நானும் கொஞ்சம் இறங்கி வர்றேன்," என்றார். "வழக்கப்படி நீங்க முதல்ல குடிப்பீங்க. உங்களுக்கு அடுத்து நான். அப்புறம் சபை. எல்லாரும் முடிச்சப்புறம் கடைசியில அவன் வரட்டும்."

"கடைசியில கொடுத்தா அதுக்குப் பேரு மிச்சம், தனசிங். விருந்து இல்லை."

"அப்ப லெட்டர் போகும்!"

வாசல் கேட் கிறீச்சிட்டது. சலவைச் சட்டையோடு குப்புராஜ் நின்றிருந்தான். தனசிங்கைப் பார்த்ததும் மடங்கிய கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"ஐயா, நான் நாளைக்கு வாசப்படியிலயே குந்திக்கிறேன். உங்கள மாத்திடப் போறாங்கன்னு ஸ்டாண்டுல பேசிக்கினு கீறாங்க. என்னால உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? வெளிய இருந்து கேட்டாலே எனக்குப் போதும்யா."

"பாருங்க, அவனுக்கே புரியுது," என்றார் தனசிங். ஆனாலும் குப்புராஜின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார்.

"இருங்க, அதுல ஒண்ணு விட்டுப்போச்சு," என்றார் போதகர். "புஷ்பம், இங்க வா. இந்த லேஸை அவிழ்த்துவிடு."

புஷ்பம் திகைத்துப்போய் நின்றாள். "வேணாங்க."

"அவிழ்த்துவிடும்மா."

அவள் கீழே உட்கார்ந்தாள். வலது கால் ஷூ கழன்றது. சுற்றியிருந்த பஞ்சும் துணியும் வந்தன. தனசிங் பார்த்தார். அந்தக் காலில் இரண்டே விரல்கள் இருந்தன.

"பதினாலு வருஷம் முன்னாடி எனக்கும் ஒரு டாக்டர் அதே மாதிரி எழுதிக் கொடுத்தாரு," என்றார் போதகர். "குப்புராஜ் மாதிரி எல்லார் முன்னாடியும் வந்து நிக்க எனக்குத்தான் தைரியம் வரலை. இந்தச் சபைக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. எட்டு வருஷமா அந்தப் பாத்திரத்துல முதல் வாய் என்னோடது, அடுத்த வாய் உங்களோடது. லெட்டர்ல இதையும் சேர்த்து எழுதிக்குங்க தனசிங்."

தனசிங் வாசலில் நின்றவனைப் பார்த்தார். அந்தக் காலைப் பார்த்தார். பிறகு கடிதத்தை அப்படியே மேசைமேல் விட்டுவிட்டு, போதகர் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து, விளிம்பில் உதடு பதித்து, மிச்சக் காபியைக் குடித்து முடித்தார்.