லண்டனிலிருந்து வயல் வரை

1974 ஜனவரி 21, திங்கள். மதியம் மாமாவிடம் நான் சொன்ன கணக்கு தப்பு. லண்டனில் காலை பத்து மணிக்குக் கிளம்பும் விமானம் இரவு ஒன்பதுக்குப் பம்பாய் வந்துவிடும் என்றேன். நாலாயிரத்து ஐந்நூறு மைல், பதினோரு மணி நேரப் பயணம். அதெல்லாம் சரிதான். ஆனால் நம் ஊர்க் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதைக் கூட்ட மறந்துவிட்டேன். மாலை வகுப்புக்குப் போகாமல் திருத்தத்தைச் சொல்ல வயலுக்கு ஓடினேன்.

"அப்ப எப்பத்தாண்டா வர்றாரு?" என்றார் கண்ணுசாமி மாமா, அறுப்பை நிறுத்தாமல்.

"பம்பாய்க்கே விடியக்காலம் ரெண்டரை ஆயிடும் மாமா. அப்புறம் மெட்ராஸ், அங்கேர்ந்து வேன். இங்க வர நாளைக்குப் பொழுது சாஞ்சிடும்."

"நல்லதாப் போச்சு. நீயும் ஒரு அருவாளை எடு."

அது முன்பு அனந்தநாராயண ஐயரின் வயலாக இருந்தது. நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் எடுத்து, போன வருஷம் மாமா பேருக்குப் பட்டா கொடுத்தது. ஐயர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மகனோடு இருக்க லண்டன் போய்விட்டார். மாமாவுக்கு இதுதான் முதல் சொந்த விளைச்சல். கதிர் முற்ற இன்னும் பத்து நாள் வேண்டும். அந்தப் பயிரின் நடுவில்தான், சாலையிலிருந்து சுடுகாடு வரைக்கும் மாமா பாதை அறுத்துக்கொண்டிருந்தார்.

"பச்சைக் கதிரைப் போயி அறுக்குறியே, கை கூசல?" அம்சம் அத்தை வரப்பில் நின்று திட்டினார்.

"எங்காத்தாவத் தூக்கிட்டு வந்தப்ப இந்த வயல்ல கால் வைக்க விட்டாரா அந்த மனுசன்? பயிரு மிதிபடும்னு வாய்க்காத் தண்ணியில எறங்கிப் போவச் சொன்னாரு. நெஞ்சளவு தண்ணி."

"அதுக்கு ஒன் பயிர நீயே அழிப்பியா?"

"அவரு வர்றப்ப இங்க பாதை இருக்கணும். அவ்வளவுதான்."

பக்கத்தில் அறுத்துக்கொண்டிருந்த ஐயாவு நிமிர்ந்தான். "நாலாயிரம் மைலு பறந்து வர்றவருக்கு நாலு முழ அகலம் போதுமாண்ணே?"

"போதாது. ஆறு முழமா அறு."

அப்போது ஐயரின் தங்கை பாகீரதி அம்மாள் வரப்பு முனையில் வந்து நின்றார். ஐயர் வருவதைச் சொல்லி லண்டனிலிருந்து வந்த தந்தி அவர் கையில் இருந்தது. இதற்கு முன் அவர் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

"கண்ணுசாமி, இது உன் முதல் பயிர். வேண்டாம்டா."

"ஆத்தங்கரைப் பாதைதான் வெள்ளத்துல போயிடுச்சேம்மா. வேற வழி ஏது? நீங்க வீட்டுக்குப் போங்க."

அவர் தந்தியை மடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, முணுமுணுத்தபடி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். இருட்டுவதற்குள் பாதை முடிந்தது.

என் கணக்கு இந்த முறையாவது சரியா என்று இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நாளைக்கு: விடிந்ததும் பாதையில் வைக்கோல் பரப்ப வேண்டும். அக்கிரகாரத்தில் தோள் கொடுக்க ஆள் இல்லாததால் ஐயரின் சவப்பெட்டியைத் தூக்கப்போவது எங்கள் தெரு ஆட்கள் எட்டுப் பேர். சேற்றில் யாருக்கும் கால் வழுக்கக் கூடாது.