முதல் அடியில் வலி

"விழறதுக்கு முன்னாடி தொடையில வலி இருந்துச்சாம்மா?"

டாக்டர் பிரகாஷ் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஒரு வலியும் இல்ல சார். நல்லாத்தான் நடந்துட்டிருந்தேன்" என்றார் அத்தை. என் மனைவி எழிலின் அம்மா.

ஆறு வருடத்துக்கு முன் மாற்றிய இடுப்பு மூட்டு. அதன் தண்டு தொடை எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. நேற்று பௌர்ணமி கிரிவலத்தில், அடி அண்ணாமலை தாண்டி அத்தை விழுந்தபோது, அந்தத் தண்டைச் சுற்றியே எலும்பு உடைந்துவிட்டது.

தண்டு இறுக்கமாக இருந்தால் அதைத் தொடவேண்டாம். எலும்பைச் சேர்த்துப் பிளேட்டும் கம்பியும் போட்டுக் கட்டிவிடலாம்.

ஏற்கெனவே ஆடிப்போயிருந்தால் அதை எடுத்துவிட்டு, உடைந்த இடத்தைத் தாண்டி இறங்குகிற நீளமான தண்டு வைக்கவேண்டும். பெரிய ஆபரேஷன்.

ஆடுகிற தண்டை விட்டுவைத்துப் பிளேட் போட்டால் மறுபடி உடையும், அப்புறம் நடப்பது சிரமம் என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியவில்லை. பிளேட்டோ தண்டோ, எதுவானாலும் சென்னையிலிருந்து வரவழைக்கவேண்டும்.

"வலி இல்லன்னா பிளேட்டுக்கே சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

எழில் இறந்துபோய் இரண்டு வருடம். நானும் அத்தையும் வேங்கிக்காலில் ஒரே வீட்டில் இருக்கிறோம். போய்விடு என்று அவர் சொல்லவில்லை. போகிறேன் என்று நானும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்பார். ம் என்பேன்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பல்லைக் கடித்து முதல் அடி வைப்பார். நாலைந்து அடி போனால் சரியாகிவிடும். ஆறு மாதமாகப் பார்க்கிறேன்.

ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. யாரையும் எதையும் கேட்காமல் பழகிவிட்டது.

"வலி இருந்தது சார்" என்றேன்.

ஜன்னல் கம்பியைப் பற்றிச் சொன்னேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

டாக்டர் போனை இறக்கினார். எழுந்ததும் முதல் அடியில் வலி என்றால் தண்டு முன்பே ஆடத் தொடங்கியிருக்கும், நீளமான தண்டுக்கே சொல்லிவிடுகிறேன் என்றார். மூன்று மாதத்தில் நன்றாக நடப்பார்களாம்.

அவர் போனதும் அத்தை என்னை முறைத்தார்.

"போட்டுக் குடுத்துட்டீங்களே மாப்ளே. சின்ன ஆபரேஷன்னா சீக்கிரம் எழுந்துக்கலாம்னு பார்த்தேன். பன்னண்டு பௌர்ணமி வேண்டுதல். பத்து முடிச்சிட்டேன்."

"வலிக்குதுன்னு வீட்லயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா சுத்தவே விடமாட்டீங்க."

மாதாமாதம் அவரை ராஜகோபுரத்துக்கு எதிரே இறக்கிவிட்டு வருவேன். செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்குவார். எதற்கு என்று கேட்டதில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"எழிலுக்காகத்தானே?"

அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

"அவளுக்கு இனிமே நான் என்ன வேண்டிக்கறது? இருக்கறது நீங்கதானே."

என்ன வேண்டுதல் என்று கேட்பதற்குள் ரத்தம் எடுக்க நர்ஸ் வந்துவிட்டாள். அத்தை கையை நீட்டினார்.

"எந்த ஊரும்மா நீ?"

"கீழ்பென்னாத்தூர்ம்மா."

ஊசி ஏறியது. அத்தை முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"வீட்ல கல்யாணத்துக்கு எத்தினி பொண்ணுங்க?"